வெளிக்குப் போனதுக்கு ஆதாரம்

போன கிழமை மொன்றியலில், ஜான்-டலோன் சந்தையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது சுபா தொலைபேசியில் எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவள் சுபா. மொன்றியலில் இருந்து போகும் யாத்திரிகர்கள் எட்டுப் பேரை ஒரு வானில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டுவதுதான் அவளுக்கும் வேலை. அன்றைக்கு அவள் குரொவேசிய எல்லையில் நின்றாள்.

"ஜெசி அக்கா, அரை மணித்தியாலமா இந்தப் புது மெசின் ஒரு அங்கிளின்ரை கைரேகையை எடுக்குதில்லை. பின்னுக்கு நிக்கிற கார்க்காரர் ஹோர்ன் அடிச்சுக் கொல்லுறாங்கள். என்ன செய்யிறது?"

"அவர் முந்தி என்ன வேலை?"

"ரெஸ்ரோறன்ரிலை பிளேட் கழுவினவராம். இருவத்தாறு வருஷம்."

"அப்ப தேஞ்சுதான் இருக்கும். கையை நல்லாத் துடைச்சு, கொஞ்சம் கிரீம் பூசி, அமத்தாமல் வைக்கச் சொல்லு."

ஐந்து நிமிடத்தில் திரும்ப எடுத்தாள். மெசின் கையை ஏற்றுக்கொண்டதாம். அந்தச் சந்தோசத்தில் ஒரு வார்த்தை சொன்னாள்: "உங்கடை காலம் நல்ல காலம் அக்கா. மெசினும் இல்லை, ஒண்டும் இல்லை. பாஸ்போட்டிலை ஒரு சீல் குத்திப்போட்டு விட்டிருப்பாங்கள்."

நான் கையில் வெண்டிக்காயோடு அப்படியே நின்றேன். கடைக்காரன் இரண்டு தரம் "மடாம்? மடாம்?" என்று கூப்பிட்டான். சீல் குத்திவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறாள் பாவம். ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வரச் சொல்லி, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அந்தோனிப்பிள்ளை அண்ணையின் கதையை முழுக்கச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதை எழுதுங்கோ அக்கா" என்றாள்.

அந்தோனிப்பிள்ளை அண்ணையிடம் அனுமதி கேட்டேன். "எழுது தங்கச்சி. பேரை மாத்து. ஆனால் நாள் கணக்கைப் பிழையா எழுதிப்போடாதை" என்றார். பெயரை மாற்றியிருக்கிறேன். நாள் கணக்கை அவரே பார்த்துச் சரி என்றார்.

நான் மன்னார்ப் பக்கம், பேசாலை. மொன்றியலுக்கு வந்து முதலில் கிடைத்த உருப்படியான வேலை லொங்குய்யில் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. பதினொரு வருஷம் ஓட்டினேன். என் பிரெஞ்சு முழுவதும் அந்த பஸ்ஸில் எட்டு வயதுப் பிள்ளைகளிடம் படித்தது. அதில் பாதியைப் பாதிரியார் முன்னால் பேச முடியாது. பனியில் வழுக்காமல் ஓட்டவும், பின்னால் நாற்பது பேர் கத்தினாலும் முன்னால் பார்க்கவும் பழகிக்கொண்டேன். யாத்திரிகர் வானுக்கு அதைவிடப் பெரிய பயிற்சி தேவையில்லை என்பது பிறகு தெரிந்தது.

என்னை அந்த வேலைக்கு எடுத்தவர் றோசலின் அக்கா. எங்கள் பங்கில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று சத்தமே வராமல் வாயசைப்பார். ஒரு நாள் கோவில் வாசலில் என்னை மறித்து, "ஜெசி, நீ எல்லைகளிலை பயப்பிடுவியோ?" என்று கேட்டார். என்ன எல்லை, ஏன் பயம் என்று ஒன்றும் சொல்லவில்லை. இல்லை என்றேன். "அப்ப திங்கக்கிழமை வா" என்றார். நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

அவருடைய பயண அலுவலகம் ஒரு கார்டெரிக்கு, அதாவது பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்கு, மேல் மாடியில் இருந்தது. கீழே குழந்தைகள் வீரிட்டு அழும். மேலே றோசலின் அக்கா காதில் விழாத குரலில் பேசுவார். அவர் பேசும்போது வாடிக்கையாளர்கள் எல்லோரும் மேசைக்கு மேல் சாய்ந்துதான் கேட்பார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ பெரிய இரகசியம் நடக்கிற மாதிரி இருக்கும். எந்த நாட்டுக்கு என்ன பத்திரம் வேண்டும் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். எல்லாம் பென்சிலில். ஒருமுறை நான் பேனையால் ஒரு வரி எழுதிவிட்டேன். அவர் அழிறப்பரை எடுத்து அந்தப் பேனை வரியை, அழியாது என்று தெரிந்துகொண்டே, தாள் கிழியும்வரை அழித்துக் காட்டினார்.

கடவுச்சீட்டுப் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. எட்டுக் கடவுச்சீட்டுகளையும் வானில் ஆட்கள் இருக்கிற ஒழுங்கிலேயே மேசையில் அடுக்குவார். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவார். காலாவதித் திகதிக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறதா, டிக்கெட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்துச் சரியா என்று பார்ப்பார். பிறகு முத்திரைகள். ஒவ்வொரு உள்ளே வந்த முத்திரைக்கும் ஒரு வெளியே போன முத்திரை இருக்க வேண்டும். இரண்டு விரலால் இரண்டையும் தொட்டுக்கொண்டு, "சோடி" என்பார். சோடி, சோடி, சோடி என்று அவர் சொல்லிக்கொண்டே போகும்போது செபமாலை சொல்கிற மாதிரி இருக்கும். சோடி இல்லாத முத்திரையைக் கண்டால் அந்த ஆளைக் கூப்பிட்டு முன்னால் இருத்துவார்.

இதை ஏன் இவ்வளவு விபரமாய் எழுதுகிறேன் என்றால், நான் விட்ட பிழை அங்கேதான்.

அதற்கு முன் சட்டம் மாறுகிற கூத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் யாத்திரை பாரிசில் தொடங்கும். அங்கே ஒன்பது பேர் இருக்கக்கூடிய வான் ஒன்றை வாடகைக்கு எடுத்து, லூர்து மாதாவிடம் போய், இத்தாலியைக் கடந்து, ஸ்லொவேனியா, குரொவேசியா வழியாகப் பொஸ்னியாவில் உள்ள மெட்ஜுகோரியே மலைக்குப் போவோம். முந்தி ஸ்லொவேனியாவுக்கும் குரொவேசியாவுக்கும் இடையில் கடவுச்சீட்டுப் பார்த்தார்கள். ஒரு வருஷம் நான் போய் வழக்கம்போல் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, ஒன்பது கடவுச்சீட்டையும் வெளியே நீட்டினேன். யாரும் வாங்கவில்லை. கூண்டுக்குள் ஆள் இல்லை. தேத்தண்ணிக்குப் போயிருப்பார் என்று பத்து நிமிடம் நீட்டிக்கொண்டு இருந்தேன். கை வலித்தது. பின்னால் வந்த லொறிக்காரன் இறங்கி வந்து, தலையை உள்ளே விட்டு, "மடாம், இந்த எல்லையை எடுத்துவிட்டார்கள்" என்றான். ஐரோப்பாவில் நாடுகளுக்கு இடையே கடவுச்சீட்டுப் பார்க்காத வலயத்துக்குள் குரொவேசியாவையும் சேர்த்தாயிற்றாம். இனிமேல் உண்மையான எல்லை பொஸ்னியாப் பக்கத்தில்தானாம். அந்தமுறை திரும்பி வரும்போது பாடம் படித்தவளாய் நிற்காமல் போனேன். அடுத்த வருஷம் அதே துணிவில் திரும்பினேன், விசில் ஊதினார்கள். தற்காலிகமாகப் பொலிசைத் திரும்பப் போட்டிருக்கிறார்களாம். றோசலின் அக்காவுக்குச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு அழிறப்பரைத் தேடினார்.

இப்போது அந்தோனிப்பிள்ளை அண்ணை.

எழுபத்து நாலு வயது. மன்னார்க் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். மொன்றியலில் மகளோடு இருக்கிறார். மனைவி இல்லை. ஒரே மகன் பாரிசில். மகனுடைய அகதி வழக்கு ஏழெட்டு வருஷமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. பிரான்சை விட்டு வெளியே கால் வைக்க அவனுக்குப் பத்திரம் இல்லை. கனடா விசாவும் மறுத்துவிட்டார்கள். ஆகவே தகப்பன்தான் போக வேண்டும். அந்த வருஷம் எங்களுக்கு முன்னமே தனியாகப் பறந்து போய், மகனோடு இருபது நாள் நின்றார். பிறகு மகனுடைய கூட்டாளி ஒருவர் காரில் ஏற்றி ஆங்கிலக் கால்வாய்க்கு அடியால் இலண்டனுக்குக் கொண்டுபோய், அங்கே உள்ள தங்கச்சி வீட்டில் விட்டார். பதின்மூன்று கிழமை தங்கச்சி வீட்டில். திரும்பவும் அதே கார், அதே கூட்டாளி, பாரிஸ். மகனோடு பன்னிரண்டு நாள். அதன்பிறகு எங்கள் வானில் எட்டாவது ஆளாகச் சேர்ந்துகொண்டார்.

மற்ற ஏழு பேருடைய கடவுச்சீட்டையும் மொன்றியலில் றோசலின் அக்கா சோடி பார்த்து முடித்தவர். அந்தோனிப்பிள்ளை அண்ணையுடையதைப் பாரிசில் நான் பார்க்க வேண்டும். அன்றைக்கு வானைத் தரிப்பிடம் இல்லாத தெருவில் நிறுத்தியிருந்தேன். ஒரு பொலிஸ்காரன் என்னைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தான். நான் கடைசி முத்திரையை மட்டும் பார்த்தேன். பன்னிரண்டு நாளைக்கு முந்தி உள்ளே வந்தது, தெளிவாக இருந்தது. "சரி அண்ணை, ஏறுங்கோ" என்றேன். ஏறிவிட்டார்.

ஆறாம் நாள் பின்நேரம் மூன்று மணிக்குப் பொஸ்னிய எல்லைக்கு வந்து சேர்ந்தோம். வெயில் கொளுத்தியது. புதுக் கைரேகை மெசின்கள் வந்திருந்தன, ஆனால் பிளாஸ்ரிக் உறை கழற்றவில்லை. அது எப்போது தொடங்கும் என்று அங்கே நின்ற எவருக்கும் தெரியவில்லை. வானுக்குள் இருந்தவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது. ஒருவருக்கு வாட்ஸப்பில் கைரேகை என்று வந்திருந்தது, இன்னொருவருக்குக் கண் படம் என்று வந்திருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை பிலோமினா ரீச்சருக்கு இரத்தம் எடுப்பார்கள் என்று வந்திருந்தது. அதை அவர் எவருக்கும் சொல்லாமல், இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு வேணும் என்று காலையில் இருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்திருக்கிறார். எல்லையில் வானை நிறுத்தியதும் அவருடைய தலை யன்னலில் சாய்ந்தது.

"ரீச்சர், என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை ஜெசி. முதல்லை என்னைக் கூப்பிடச் சொல்லு. சுகர் இறங்குது."

விசயம் விளங்கினதும் ஆளுக்கொரு பணிஸ் நீட்டினார்கள். ரீச்சர் ஒன்றையும் தொடவில்லை. அதிகாரி வந்து இரத்தம் வேண்டாம் என்று வாயால் சொன்னால்தான் சாப்பிடுவாராம்.

அதிகாரி ஒரு பெண். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமயிரை நெற்றி இழுபடும்படி பின்னால் கட்டியிருந்தாள். ஏழு கடவுச்சீட்டுக்கு டக், டக் என்று முத்திரை விழுந்தது. எட்டாவதில் கை நின்றது. முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள். ஒரு சின்னக் கலண்டரை எடுத்துப் பேனையால் புள்ளி வைத்து எண்ணினாள். முத்திரை விழுகிற சத்தம் நின்றதும் வானுக்குள் செபமாலை தொடங்கிவிட்டது.

வலது பக்கம் நிறுத்திவிட்டு, நானும் எட்டாவது ஆளும் அலுவலகத்துக்குள் வர வேண்டும் என்றாள்.

அலுவலகத்தில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, மூன்று கதிரை. அவள் ஆங்கிலத்தில் நிதானமாக விளங்கப்படுத்தினாள். இந்த வலயத்துக்குள் நூற்றெண்பது நாளில் தொண்ணூறு நாள்தான் நிற்கலாம். இவர் நூற்றிருபத்தொன்பது நாளுக்கு முதல் பாரிசில் உள்ளே வந்திருக்கிறார், முத்திரை இருக்கிறது. பதினெட்டு நாளுக்கு முதல் இரண்டாம் தரம் உள்ளே வந்திருக்கிறார், முத்திரை இருக்கிறது. ஆகவே நடுவில் எப்போதோ வெளியே போயிருக்கிறார். எப்போது? அந்த முத்திரை இல்லை.

சோடி இல்லாத முத்திரை.

"இலண்டனுக்குப் போனவர்" என்றேன். இலண்டன் அந்த வலயத்துக்கு வெளியே.

"இலண்டன் முத்திரை?"

கனடாக்காரருக்கு இலண்டனில் முத்திரை குத்துவதில்லை. அது அவளுக்கும் தெரியும். "அப்படியானால் பயணச்சீட்டு?" காரில் போனவர், சீட்டு அந்தக் கூட்டாளியின் பெயரில். "வங்கி அட்டை?" அந்தோனிப்பிள்ளை அண்ணை அட்டையே வைத்திருப்பதில்லை. "கைத்தொலைபேசி?" தங்கச்சியின் வீட்டுத் தொலைபேசிதான்.

அவள் பேனையை வைத்தாள். கடுமையாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஆதாரம் இல்லாவிட்டால் அதிக நாள் நின்றதாகத்தான் எடுக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், சில வருஷத்துக்கு உள்ளே வரத் தடை வரலாம் என்றாள்.

நான் வெளியே வந்து றோசலின் அக்காவை எடுத்தேன். மொன்றியலில் காலை ஒன்பது மணி. கீழே குழந்தைகள் அழுகிற சத்தம் அவருடைய குரலைவிடத் தெளிவாகக் கேட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

"பிழையைப் பேந்து பாப்பம்" என்றார். "ஆதாரம் காட்டினால் அவை ஏற்கலாம், சட்டத்திலை இடம் இருக்கு. அந்த மனிசன் கச்சேரிக் கிளாக்கர். அவரிட்டை ஒரு துண்டுக் கடுதாசியாவது இல்லாமல் இராது. கேள்."

உள்ளே போனேன். அந்தோனிப்பிள்ளை அண்ணை நிமிர்ந்து இருந்தார். அவருக்கு ஆங்கிலம் நன்றாக வாசிக்கத் தெரியும், ஆனால் அவள் பேசின வேகத்தில் பாதிதான் பிடிபட்டிருந்தது. தடை என்ற சொல் மட்டும் நன்றாகப் பிடிபட்டிருந்தது.

"தங்கச்சி, எத்தினை வருஷம் தடை?"

"தெரியாது அண்ணை. மூண்டோ, அஞ்சோ."

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. எழுபத்து நாலும் அஞ்சும். மகன் வர முடியாது, இவரும் போக முடியாது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

நான் அவசரத்தில் கேட்டேன்: "அண்ணை, யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் வெளிக்குப் போனதுக்கு ஆதாரம் ஏதும் இருக்கோ? இவ அதைத்தான் கேக்கிறா."

எங்கள் பேச்சில் 'வெளிக்குப் போவது' என்றால் கழிப்பறைக்குப் போவது. எனக்கு அந்த நேரம் அது நினைவே வரவில்லை. நான் சொன்னது பிரான்சுக்கு வெளியே.

அந்தோனிப்பிள்ளை அண்ணையின் முகம் வெளுத்தது. கை தானாகப் போய் நெஞ்சுப் பையை அமத்தியது.

"அது... அது இவவுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

"எது அண்ணை?"

"வெளிக்குப் போன கணக்கு."

பிறகுதான் துண்டு துண்டாக விசயம் வந்தது. அதற்கு முந்தின வருஷம் அவருக்குக் குடலில் ஒப்பரேசன் நடந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு, எப்படி வெளிக்குப் போனது, என்ன சாப்பிட்டது என்று குறித்து வரும்படி மொன்றியலில் தாதி சொல்லியிருக்கிறாள். சாதாரண ஆள் என்றால் நாலு நாள் எழுதிவிட்டு விட்டிருப்பார். இவர் முப்பத்தொரு வருஷம் கச்சேரியில் பதிவேடு எழுதின ஆள்.

"அப்ப ஒவ்வொரு நாளும் இருக்கோ? இடத்தோடை?"

"இடம் போடாமல் எப்பிடி எழுதுறது?"

"எடுங்கோ அண்ணை!"

"மாட்டன்."

"ஏன்?"

"ஒப்பரேசன் விசயம் மகனுக்குத் தெரியாது. வானுக்குள்ளை இருக்கிறவைக்கும் தெரியாது. எல்லாருக்கும் நான் கல்லுத் திண்டாலும் செமிக்கும் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். பிலோமினா ரீச்சரும் இருக்கிறா. என்னைத் தடை செய்யட்டும். நான் காட்ட மாட்டன்."

நான் பள்ளிக்கூட பஸ்ஸில் பதினொரு வருஷம் இருந்தவள். அடம் பிடிக்கிறவர்களோடு வாதாடக்கூடாது, அவர்களுடைய முகத்துக்கு நேரே குனிந்து மெல்லமாய் ஒரு கேள்வி கேட்க வேண்டும். குனிந்தேன். "அண்ணை, மகனை அடுத்த வருஷம் பாக்க வேணுமோ, வேண்டாமோ?"

அவர் சேட்டுப் பையில் இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்தார். இரண்டு கையாலும் மேசையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அதிகாரி திறந்தாள். தமிழ். ஆனால் திகதிகள் எல்லாம் ஆங்கில இலக்கத்தில், நேர் கோட்டில், சிவப்புப் பேனையால் கோடு கீறிய நிரல்களில். "இது என்ன?" என்றாள்.

இருபது வருஷ வேலையில் எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம்கூட ஒருமுறை மொழிபெயர்க்க வந்து தப்பினேன். இந்த மாதிரி ஒன்று வந்ததில்லை. "குடல் ஒப்பரேசனுக்குப் பிறகு எழுதுகிற மருத்துவப் பதிவு" என்றேன்.

"ஒவ்வொரு வரியிலும் இந்தச் சொல் வருகிறதே?"

"அது... 'நல்லம்'."

"இது?"

"'இறுக்கம்'."

"இந்தப் பக்கத்தில் ஐந்து நாளைக்கு ஒரே சொல்?"

"'இல்லை', 'இல்லை', 'இல்லை', 'இல்லை', 'இல்லை'."

"என்ன இல்லை?"

சொன்னேன். எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற சொல். அதைத்தான் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. கதவடியில் நின்ற அவளுடைய சக ஊழியன் மட்டும் திடீரென்று எதையோ மறந்தவன் மாதிரி வெளியே போனான். அவனுடைய தோள் குலுங்குவது கண்ணாடிக்குள்ளால் தெரிந்தது.

"ஆறாம் நாள்?" என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் அக்கறை இருந்தது.

"'இலண்டன், ஈஸ்ட் ஹாம். காலை ஆறு நாற்பது. மிக நல்லம். தேவனுக்கு நன்றி.'"

அவள் தலையசைத்தாள். பிறகு பேனையை எடுத்து, கவலையோடுதான் சொன்னாள்: இதை நம்புகிறேன், ஆனால் இதை அவரே எழுதியிருக்கிறார், எந்த நாளும் எழுதியிருக்கலாம், என் மேலதிகாரி கேட்டால் நான் என்ன சொல்வது?

நான் மொழிபெயர்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தோனிப்பிள்ளை அண்ணை திரும்பினார். வெட்கமெல்லாம் போய், கச்சேரியில் யாரோ அவருடைய பதிவேட்டைச் சந்தேகப்பட்ட கோபம் முகத்தில் வந்தது.

"சீல் இல்லாமல் நான் ஒரு பதிவு வைப்பனே?" என்றார். "திங்கக்கிழமைப் பக்கங்களைப் பாக்கச் சொல்லு."

புரட்டினோம். ஒவ்வொரு திங்கட்கிழமைக்கும் கீழே வட்டமான ஊதா முத்திரை. இலண்டனில் தங்கச்சி வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையின் முத்திரை, திகதி, கையெழுத்து. மருந்துக் கடைக்காரரிடம் ஒவ்வொரு திங்களும் போய்ச் சீல் குத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். முதல் கிழமை அந்த ஆள் ஏன் என்று கேட்டாராம். இவர், "கனடா டொக்ரர் கேப்பார்" என்றாராம். மூன்றாம் கிழமையில் இருந்து கதவைத் திறந்ததுமே கடைக்காரர் சீலைக் கையில் எடுத்துவிடுவாராம். ஒரு பக்கத்தில் கடைக்காரர் தன் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: 'ஐந்து நாள் இல்லை. உலர்ந்த பிளம்ஸ் சாப்பிடச் சொன்னேன்.'

பதின்மூன்று திங்கட்கிழமை. பதின்மூன்று சீல். அதிகாரி ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். கலண்டரில் இலண்டன் நாட்களை வெட்டினாள். மிஞ்சினது முப்பத்தெட்டு.

பிறகு அவள் செய்ததை நான் மறக்க மாட்டேன். பதின்மூன்று பக்கத்தையும் பிரதி எடுத்தாள். ஒரு படிவம் நிரப்பினாள். கடவுச்சீட்டில் அந்த விடுபட்ட வெளியேற்றத்தைத் திகதியோடு எழுதி, கையெழுத்து வைத்து, அன்றைய முத்திரையைப் பக்கத்தில் குத்தினாள். கொப்பியை மூடி இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்து, "என் தகப்பனுக்கும் இதே ஒப்பரேசன்தான். அவர் டொக்ரர் சொன்னது ஒன்றையும் எழுதுவதில்லை" என்றாள்.

நான் மொழிபெயர்த்ததும் அந்தோனிப்பிள்ளை அண்ணை எழும்பி நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். "தங்கச்சி, இஞ்சை ரொய்லற் எங்கை எண்டு கெதியாக் கேள்" என்றார். பயத்தில் மூன்று நாள் இறுக்கம் விட்டுவிட்டது.

வானுக்குத் திரும்பியபோது செபமாலை இரண்டாம் சுற்றில் நின்றது. "என்ன பிரச்சினை?" என்று ஏழு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். "திகதிப் பிரச்சினை" என்றேன். பிலோமினா ரீச்சர் என் சட்டையைப் பிடித்தார்.

"ரத்தம்?"

"ரத்தம் வேண்டாமாம் ரீச்சர்."

அவர் மூன்று பணிஸ் தொடர்ந்து சாப்பிட்டார்.

மெட்ஜுகோரியேயில் இரண்டாம் நாள் மலை ஏறும்போது அந்தோனிப்பிள்ளை அண்ணை வேண்டுமென்றே பின்தங்கி என்னோடு நடந்தார். "ஊர் பேர் தெரியாத ஒரு பொலிஸ்காரிக்கு என்ரை குடல் விசயம் முழுக்கத் தெரியும். பெத்த மகனுக்குத் தெரியாது. இது என்ன நியாயம் தங்கச்சி?" என்று கேட்டார். கல்லுப் பாதையில் கவனமாக நடக்க வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது அதே எல்லையில் வேறொரு அதிகாரி இருந்தான். உள்ளே எங்கோ தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது பேருக்கும் முத்திரை குத்தி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தோனிப்பிள்ளை அண்ணை கொப்பியைத் திங்கட்கிழமைப் பக்கத்தில் திறந்து ஆயத்தமாக வைத்திருந்தார்.

"ஏன் இவன் ஒண்டும் கேக்கேல்லை?" என்று கோபமாகக் கேட்டார். "இப்பிடி வேலை செய்தால் நாடு உருப்படுமோ?"

மூன்று நாள் ஓட்டத்தில் பாரிசுக்கு வந்தோம். அன்றைக்குக் கடைசி நாள், அடுத்த நாள் காலை எல்லோருக்கும் மொன்றியல் விமானம். மகன் லாச்சப்பலில் ஒரு தெரு மூலையில் காத்துக்கொண்டு நின்றான். உயரமான ஆள், ரெஸ்ரோறன்ற் வேலைச் சட்டையோடு வந்திருந்தான். அரை மணித்தியாலம்தான் முதலாளி விட்டவராம். எனக்கு அங்கேயும் நிறுத்த இடம் இல்லை. தகப்பனை இறக்கிவிட்டு, "சுத்திக்கொண்டு வாறன்" என்றேன்.

முதல் சுற்றில் பார்த்தேன், தகப்பன் கொப்பியை நீட்டிக்கொண்டிருந்தார். மகன் வாங்காமல் என்னவென்று கேட்டுக்கொண்டு நின்றான். இரண்டாம் சுற்றில் மகன் ஒரு கடைப் படிக்கட்டில் குந்தியிருந்து, மடியில் கொப்பியை வைத்து, வரிக்கு வரி விரலை ஓட்டி வாசித்துக்கொண்டிருந்தான். தகப்பன் பக்கத்தில் கைகட்டி நின்றார். மூன்றாம் சுற்றில் சிவப்பு விளக்கு விழுந்து அவர்களுக்கு நேரே நிற்க வேண்டி வந்தது. கண்ணாடி திறந்திருந்தது.

"ஒப்பரேசன் எண்டு ஏனப்பா சொல்லேல்லை?"

"சொல்லி? உனக்கு வர ஏலாது. அங்கை இருந்து அழுறதுக்கோ?"

மகன் தகப்பனின் வயிற்றைச் சேட்டுக்கு மேலால் தொட்டான், எங்கே வெட்டினது என்று கேட்கிற மாதிரி. தகப்பன் அவனுடைய கையைப் பிடித்துச் சரியான இடத்துக்கு நகர்த்தினார். பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். வானுக்குள் ஏழு பேரும் யன்னலோடு ஒட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"இன்னொருக்கால் சுத்து ஜெசி" என்றார் பிலோமினா ரீச்சர். "எங்களுக்கு ஒரு அவசரமும் இல்லை."

ஐந்து தரம் சுற்றினேன். ஐந்தாம் தரம் மகன் கையைக் காட்டி மறித்தான். முதலாளிக்கு ஃபோன் பண்ணி லீவு சொல்லிவிட்டானாம். "அன்ரி, அப்பா இண்டைக்கு என்னோடை நிக்கட்டும். காலமை ஏழரைக்கு ஏயார்போட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு வாறன்."

கடைசி இரவு ஒருவரையும் தனியே விடக்கூடாது என்பது றோசலின் அக்காவின் கண்டிப்பான சட்டம். "ஓம்" என்றேன். பிறகு மொன்றியலுக்கு எடுத்துச் சொன்னபோது அவர், "பாஸ்போட்டை அவரிட்டைக் குடுத்தனியோ, நீ வைச்சிருக்கிறியோ?" என்று மட்டும் கேட்டார். நான்தான் வைத்திருக்கிறேன் என்றேன். "அப்ப சரி" என்றார்.

அடுத்த நாள் ஏழரைக்கு அவர்கள் வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. எட்டேகாலுக்கு ஓடி வந்தார்கள். இரண்டு பேருக்கும் நித்திரை இல்லாத முகம். மகன் தகப்பனுடைய பையையும் தூக்கி, தகப்பனுடைய முழங்கையையும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தான்.

"தங்கச்சி, மன்னிச்சுக்கொள்" என்றார் அந்தோனிப்பிள்ளை அண்ணை மூச்சிரைக்க. "முப்பத்தொரு வருஷம் கச்சேரிக்கு ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. இவன் கதைச்சுக்கொண்டே இருந்தான்."

"நானோ?" என்றான் மகன். "இவர்தான் அன்ரி, விடியும்வரை நிப்பாட்டேல்லை."

பாதுகாப்புச் சோதனை வாசலுக்குப் போகிற வரிசை நீண்டு கிடந்தது. நான் மற்ற ஏழு பேரையும் முன்னால் விட்டு, அவர்கள் இரண்டு பேரையும் கடைசியில் நிற்க விட்டேன்.